பிளாட்பாரத்தில் முப்பத்தோரு ஆடுகள்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மனித குலத்துக்கு நடந்த மிகப் பெரிய நன்மை, வெதர்ஃபோல்டு அமைதிச் சைக்கிள் கழகம் தோன்றியதுதான்.

இப்படிச் சொன்னவர் அந்தக் கழகத்தின் தலைவர் பெம்பர்டன். கழகத்தில் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருத்தி பத்து வயதுச் சிறுமி என்பதால், அவளை அரை உறுப்பினர் என்றுதான் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். ஆக, கணக்குப்படி ஐந்தரைப் பேர்.

அந்த அரையின் பெயர் மேபல்.

சனிக்கிழமைதோறும் கழகம் பழைய ரயில் பாதையில் சைக்கிள் விடும். தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து அறுபது வருடம் ஆகிறது. இப்போது அங்கே கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் இல்லை. இரண்டு பக்கமும் முட்செடியில் பிளாக்பெர்ரிப் பழம். நடுவில் முயல் ஓடும். முன்னால் போவது யார் என்பதைச் சங்கிலி கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே மேபல் சொல்லிவிடுவாள்.

பாதை நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். வழி தவறுவதற்கு மிகவும் கஷ்டப்பட வேண்டும். ஆனாலும் தலைவர் கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடத்தைத் தொங்கவிட்டிருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதி எல்லோரையும் நிறுத்துவார். வரைபடத்தை நெடுநேரம் ஆராய்வார். பிறகு, "இன்னும் நேராத்தான் போகணும்" என்று அறிவிப்பார்.

மேபலுக்கு அதிலெல்லாம் வருத்தமில்லை. அவளுக்குச் சைக்கிள் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓட்ட இருந்த ஒரே இடம் இந்தப் பாதை. ஊர் ரோட்டில் கல்குவாரி லாரிகள் நாள் முழுக்கப் பறக்கும். அம்மா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள்.

"உன் சக்கரம் அந்த ரோட்டுல பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, சைக்கிள் பரணுக்குப் போயிடும்."

அம்மா சொன்னால் செய்துவிடுவாள். மேபலின் அண்ணனுடைய மேளம் இன்னும் பரணில்தான் இருக்கிறது.

பாதையில் ஒரே ஒரு தொல்லை. ஓரிடத்தில் பழைய ரயில் பாலம் இடிந்துவிட்டதால், அந்தக் கொஞ்ச தூரத்தை மட்டும் ஹில்டா ராப்சன் என்பவருடைய மேய்ச்சல் நிலத்தின் வழியாகக் கடக்க வேண்டும். உள்ளே நுழைய, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆள் மட்டும் வளைந்து புகக்கூடிய ஒரு வேலிச் சந்து. வெளியே போக ஒரு மரக் கேட். கேட்டில் ஒரு பலகை:

"கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லவும். இன்னொரு முறை ஆடு வெளியே போனால் இந்த வழி மூடப்படும். – ஹி. ராப்சன்."

அந்தச் சனிக்கிழமை தலைவர் முதலில் போனார். கேட் மூடியிருந்தது. திறந்தார், தாண்டினார். அடுத்து வந்த செயலாளர் விட்கோம் அம்மையாருக்குக் கேட் திறந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தார். அடுத்த மூன்று பேருக்கும் திறந்துதான் இருந்தது. அவர்களும் அப்படியே விட்டார்கள்.

கடைசியாக வந்த மேபல் கேட்டை இழுத்து மூடப் போனாள்.

விசில் ஒலித்தது.

"நீ வரும்போது கேட் எப்படி இருந்தது?" என்று தலைவர் கேட்டார்.

"திறந்து இருந்துச்சு, சார்."

"பலகையில என்ன போட்டிருக்கு?"

மேபல் பலகையைப் பார்த்தாள். இதில் எங்கேயோ இடிக்கிறதே என்று தோன்றியது. ஆனால் ஐந்து முழு உறுப்பினர்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளோ அரை. கையை எடுத்துவிட்டாள்.

"விதின்னா விதிதான்" என்றார் தலைவர், அன்போடு.

அரை மைல் தள்ளிப் பழைய ரயில் நிலையம். இப்போது அது தேநீர்க் கடை. பிளாட்பாரமும் பெஞ்சுகளும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதைத் தாண்டி இருபது அடி போனால் அதே கல்குவாரி லாரி ரோடு.

கடைக்காரர் கென், சன்னலுக்கு உள்ளே நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விட்கோம் அம்மையார் சன்னல் முன் வரிசையில் நின்றார். அவர் ஒருவர்தான் நின்றார், ஆனாலும் அது வரிசைதான். பின்னாலிருந்து யாரோ மெல்ல இடித்தார்கள். "மன்னிக்கணும்" என்று நகர்ந்து இடம் விட்டார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

ஆடு.

அதற்குப் பின்னால் இன்னொரு ஆடு. பிளாட்பாரம் முழுக்க ஆடுகள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, பதினொன்றே காலுக்கு வர வேண்டிய ரயில் ஏன் தாமதம் என்று யோசிப்பதுபோல நின்றன.

தலைவர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். விட்கோம் அம்மையார் ஆடுகளை எண்ணி முப்பத்தொன்று என்று குறிப்பில் எழுதினார். ஆடுகள் வெளியே வந்ததற்குக் கழகம் பொறுப்பல்ல என்று தலைவர் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். ராப்சனுக்குக் கண்ணியமான முறையில் ஒரு கடிதம் எழுதலாம் என்று இன்னொருவர் சொன்னார். எந்த நிறத் தாளில் எழுதுவது என்பதில் கருத்து வேற்றுமை வந்தது.

அதற்குள் ரோட்டில் ஒரு லாரி தடதடவென்று போனது. நான்கு ஆடுகள் அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கின.

தலைவர் அவற்றை நிறுத்த விசில் ஊதினார். நான்கும் ஓடத் தொடங்கின.

மேபல் கணக்குப் போட்டாள். ஆடுகள் லாரியில் அடிபடும். வழி மூடப்படும். அவளுடைய சைக்கிள் மேளத்துக்குத் துணையாகப் பரணுக்குப் போகும்.

"சார், விசில் வேண்டாம்" என்றாள். சொன்ன பிறகுதான் தலைவரிடம் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது.

ஆனால் அவள் அதற்குள் சன்னலுக்கு ஓடிவிட்டாள். ராப்சன் ஆடுகளுக்குத் தீனி போடும்போது வாளியைக் கலகலவென்று ஆட்டுவதைப் பலமுறை அவள் பார்த்திருக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால் மலையடிவாரத்தில் மேயும் ஆடுகூடத் தலைதெறிக்க ஓடிவரும். கென்னிடம் ஓட்ஸ் கேட்டாள். அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். ஆட்டினாள். ஓட்ஸ் சத்தமே போடவில்லை.

"கலகலன்னு ஏதாவது இருக்கா, மாமா?"

கென் கொஞ்சம் யோசித்து, சூப்புக்கு வைத்திருந்த காய்ந்த பட்டாணியை ஒரு கை அள்ளிப் போட்டார்.

மேபல் டின்னை ஆட்டினாள். முப்பத்தொரு தலைகள் திரும்பின. ரோட்டோரம் போயிருந்த நான்கும் திரும்பிவிட்டன.

அவள் வந்த வழியே நடந்தாள், டின்னை ஆட்டிக்கொண்டே. ஆடுகள் பின்தொடர்ந்தன. பெரியவர்களைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வரச் சொன்னாள். யாரும் பேச வேண்டாம், மணி அடிக்க வேண்டாம் என்றாள். அமைதிச் சைக்கிள் கழகம் அன்றுதான் முதன்முறையாக அமைதியாக இருந்தது.

கேட் அருகே ராப்சன் நின்றிருந்தார். கையில் கனமான சங்கிலியும் பூட்டும். ஆடுகள் அவரைத் தாண்டி உள்ளே போய், டின்னைக் கவிழ்த்த இடத்தில் முட்டி மோதின. அவர் கேட்டை மூடினார். பிறகு திரும்பினார்.

"யாரு திறந்து போட்டது?"

ஐந்து பேரும் வானத்தைப் பார்த்தார்கள். மத்தியானம் மழை வரலாம் என்று ஒருவர் சொன்னார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். ஆறு பேரில் ஐந்து பேர் வரும்போது கேட் திறந்துதான் இருந்தது என்றும், ஆகவே பலகையில் உள்ள விதியை ஐந்து பேர் முழுமையாகக் கடைப்பிடித்தார்கள் என்றும் விளக்கினார்.

"அந்த ஆறாவது ஆளு யாரு?"

தலைவர் வரைபடத்தை ஆராயத் தொடங்கினார்.

ராப்சன் சங்கிலியைக் கேட்டில் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

"கடைசியா வந்தது நான்தாங்க" என்றாள் மேபல். "மூடணும்னு கையை வச்சேன். அப்புறம் மூடாம வந்துட்டேன். என் தப்புதான்."

சங்கிலிச் சத்தம் நின்றது.

விட்கோம் அம்மையார் குறிப்பேட்டை மூடினார். "அவ மூடத்தான் போனா. நாங்கதான் விடல" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது போலும், காது சிவந்துவிட்டது.

ராப்சன் மேபலை மேலும் கீழும் பார்த்தார். "பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தே?"

"அங்க லாரி வருதுங்க. அந்த ரோட்டுல போறதுக்கு எனக்கே அனுமதி இல்ல. அதுங்களுக்கு மட்டும் யாரு குடுத்தா?"

ராப்சனின் வாயில் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. மற்ற ஓரத்துக்குச் செய்தி போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருந்தது. சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பழைய பலகை இல்லை. புதிதாக ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு சொல்: "மூடு."

கேட்டுக்குப் புது இரும்புக் கொக்கியும் போட்டிருந்தார் ராப்சன். மேலே தூக்கி, பக்கவாட்டில் தள்ளி, இழுக்க வேண்டும். அதை மேபலுக்கு அவரே காட்டிக் கொடுத்தார். கழகம் மேபலை ஒருமனதாக முழு உறுப்பினர் ஆக்கியது. தலைவர் அரை மணி நேரம் பாராட்டிப் பேசினார், பெரும்பாலும் தலைமைப் பண்பைப் பற்றி.

இப்போதும் எல்லோருக்கும் முன்னால் கேட்டை அடைபவர் தலைவர் பெம்பர்டன்தான். அடைந்ததும் விசில் ஊதி, ஐந்து நிமிடம் ஓய்வு என்று அறிவித்துவிட்டு, மேபல் வரும் வரை மலைகளை ரசித்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் கொக்கியைத் திறக்க அவருக்குத் தெரியாது.