ஐஸ் பெட்டிக்கு ஒரு சட்டை

நீங்களெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன தின்னலாம் என்று நின்று நிதானமாக யோசிக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அப்படி நின்றிருந்தால் தெருவே கூடி எங்களை வேடிக்கை பார்த்திருக்கும். தென்காசியில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்ததே நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில்தான். ஃபிரிட்ஜ் என்று சொல்ல யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஐஸ் பெட்டி என்றே பெயர் வைத்துவிட்டோம்.

அது என் கூட்டாளி அலிமாவின் வீட்டுக்கு வந்தது. பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தது.

அலிமாவின் வாப்பா அப்துல் மஜீது பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். சில வருஷங்களுக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். எனக்கும் சேர்த்து வாசனை சோப்பு கொண்டுவருவார். வந்தவர் முகம் எங்களுக்குப் பழகுவதற்குள் மறுபடியும் கிளம்பிவிடுவார். அலிமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவரைப் பார்த்து, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டுவிட்டாளாம். இந்தக் கதையை ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் அலிமாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் அவர் ஒரு முடிவோடு வந்தார். இனிமேல் பினாங்கு வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்பத் கடை வைத்து ஊரோடு இருந்துவிடுவது. வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்கு ஜில்லென்று ஒரு நன்னாரி சர்பத் கொடுத்தால் வேண்டாமென்று சொல்வானா? அதற்குத்தான் ஐஸ் பெட்டி.

அப்போது பினாங்கு வரி இல்லாத துறைமுகம். எந்த நாட்டுச் சாமான் வந்து இறங்கினாலும் அங்கே தீர்வை கிடையாது. அதனால் ரேடியோ, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் கடை கடையாகக் குவிந்து கிடக்குமாம், விலையும் மலிவாம். மாமா தன் சேமிப்பையெல்லாம் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கிவிட்டார்.

இங்கே ஹைருன் பீவி அத்தை சும்மா இருப்பாரா? அலிமாவின் உம்மா அவர். எங்கள் ஊரில் விலை உயர்ந்த சாமான் எதுவானாலும் அதற்கு உறை தைத்துப் போட்டால்தான் மனசு ஆறும். ரேடியோவுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குக்கூட உறை உண்டு. மணி பார்க்க வேண்டுமானால் உறையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மாமா ஒரு நூலில் பெட்டியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் முடிச்சுப் போட்டு, முன்னாலேயே ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அத்தை அந்த அளவுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் தடித்த வெல்வெட் வாங்கி, உள்ளே பருத்தித் துணி கொடுத்து, தரை வரை தொங்கும்படி உறை தைத்தார். ஓரமெல்லாம் மணி கோத்தார். கல்யாணப் புடவையின் சரிகைக் கரையை வெட்டி நெற்றிப் பட்டையாக வைத்தார். கதவைத் திறக்க முன்பக்கம் மட்டும் திரை போல ஒரு பிளவு.

ஐஸ் பெட்டி ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஏறி, தெருவே பின்னால் நடந்துவர வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடத்து மூலையில் கோணலாக நிறுத்தினார்கள். அத்தை உடனே உறையை மாட்டினார். ஆகா, பார்ப்பதற்குக் கல்யாணப் பெண் மாதிரியே இருந்தது.

மாமா தனக்குப் பெட்டியை விற்ற சீனக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய பேச்சு மாமாவுக்குப் புரியாதாம். பெட்டியின் முதுகைத் தட்டிக் காட்டி, உள்ளங்கையால் விசிறி, வாயைக் குவித்து ஊதிக் காட்டினாராம். இனி உன் வீட்டில் ஜிலுஜிலுவென்று இருக்கும் என்று வாழ்த்துகிறார் போலிருக்கிறது என்று மாமா நினைத்து, கைகொடுத்துவிட்டு வந்தாராம்.

பிளக்கைச் சொருகினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. பெட்டி உர்ரென்று உறுமியது. நாங்கள் ஐஸுக்காகக் காத்திருந்தோம்.

காத்திருந்தோம், காத்திருந்தோம், பொழுது சாய்ந்தும் ஐஸ் தட்டில் ஊற்றிய தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. பெட்டி கொஞ்ச நேரம் உறுமும், பிறகு தானாகவே வாயை மூடிக்கொள்ளும். எதிர்வீட்டுத் தளவாய் அண்ணாச்சி, போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, தங்கள் வீட்டு மண்பானையே இதைவிடத் தேவலை என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கரண்டு வேலை செய்யும் பரமசிவன் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார்கள். அவர் பிளக்கைச் சோதித்தார். பின்னால் பார்க்க உறையைத் தூக்கப் போனவரை, கையெல்லாம் எண்ணெயாக இருக்கிறதே என்று அத்தை தடுத்துவிட்டார். அவரும் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கரண்டுல ஒரு குறையும் இல்ல. பெட்டிதான் சரியில்ல. தீர்வை இல்லாத ஊருல மலிவா கெடைக்குதுன்னு வாங்குனீய, தள்ளிவிட்டுட்டான் போல."

அதைக் கேட்டதும் மாமாவின் முகம் செத்துவிட்டது. பினாங்கு இருக்கும் தூரத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பரணிலிருந்து தன் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தார். பினாங்குக்குக் கொண்டுபோகும் பெட்டி அது. ஐஸ் பெட்டி இல்லாமல் சர்பத் கடை இல்லை, கடை இல்லாமல் ஊரில் பிழைப்பு இல்லை. மறுநாள் மதுரைக்குப் போய்க் கப்பல் டிக்கெட்டுக்கு ஏஜெண்டைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

அலிமா அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் அந்தத் தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் அவளைச் சிரிக்க வைக்க வேண்டுமென்று நான்தான் கண்ணாமூச்சி விளையாடக் கூப்பிட்டேன். கண்ணைப் பொத்தி எண்ணிவிட்டுத் தேடினேன். கதவுக்குப் பின்னால் இல்லை, அடுக்களையில் இல்லை, கோழிக்கூண்டுப் பக்கமும் இல்லை. சரி, தோற்றுவிட்டேன் என்று கத்தப் போகும்போது ஐஸ் பெட்டியின் உறைக்கு அடியிலிருந்து அலிமா ஊர்ந்து வந்தாள். தலையிலிருந்து கால்வரை வேர்த்து ஒழுகியது. உள்ளங்கையில் உறையிலிருந்து உதிர்ந்த இரண்டு மூன்று மணிகள்.

"வடிவு, இங்கன வா. கையை உள்ள விட்டுப் பாரு."

விட்டேன். சட்டென்று இழுத்துக்கொண்டேன். முன்னால் குளிர வேண்டிய பெட்டி, முதுகுப் பக்கம் இட்லிச் சட்டி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கம்பிகள் வளைந்து வளைந்து போயிருந்தன. அத்தனை சூடும் வெல்வெட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது.

"போர்வையைத் தலையோட மூடிப் படுத்தா நமக்கு எப்படிட்டி இருக்கும்?" என்று கேட்டாள் அலிமா.

"புழுங்கும். மூச்சு முட்டும்."

"இதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கேன். செஞ்சு பாத்துட்டுச் சொல்லுவோம், இப்ப யார்ட்டயும் சொல்லாத."

மறுநாள் மாமா விடிந்ததும் மதுரைக்குப் பஸ் ஏறினார். அத்தை கடையநல்லூரில் இருந்த தங்கையைப் பார்க்கப் போனார். வீட்டில் நாங்கள் இருவர்தான். அலிமா உறையின் பின்பக்கத்தைச் சுருட்டிப் பெட்டியின் தலைமேல் போட்டாள். அது நழுவி நழுவி விழுந்தது. நான் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து மேலே வைத்தேன். பினாங்குப் பெட்டியின் தலையில் அம்மிக்குழவி! அத்தை பார்த்திருந்தால் என் முதுகில் அதே குழவியால் அரைத்திருப்பார்.

தட்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தோம். நான் அடிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்த்தேன். இப்படித் திறந்தால் குளிர் எப்படித் தங்கும் என்று அலிமா என்னைத் திட்டிக் கதவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பெட்டி இடையில் வாயை மூடவே இல்லை. உறுமிக்கொண்டே இருந்தது.

பிற்பகலில் அவளே கதவைத் திறந்தாள். தட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டவில்லை.

ஒரு கட்டியை நான் வாயில் போட்டுக்கொண்டேன். பல் கூசியது, நாக்கு ஒட்டிக்கொண்டது, கண்ணில் நீர் வந்தது. அப்படியே தெருவுக்கு ஓடினேன். தளவாய் அண்ணாச்சி வாசலில்தானே உட்கார்ந்திருந்தார்! மண்பானை என்றா சொன்னீர்கள் என்று அவர் காதில் கத்த வேண்டாமா?

அலிமா என் சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"வேண்டாம்ட்டி. உறைதான் காரணம்னு தெரிஞ்சா எல்லாரும் எங்க உம்மாவப் பாத்துச் சிரிப்பாவ. வாப்பா வர்றதுக்காக ஆசை ஆசையாத் தச்சது வடிவு அது."

எனக்கு அது தோன்றவே இல்லை. வாயில் இருந்த ஐஸைச் சத்தமில்லாமல் விழுங்கினேன். அலிமா குழவியை இறக்கி, உறையை முன்போலவே தொங்கவிட்டாள்.

சாயங்காலம் அத்தை வந்து, முகம் கழுவி, ஒரு வாய்த் தேத்தண்ணீர் குடிக்கும் வரை அலிமா பொறுத்திருந்தாள். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, பொறுக்கி வைத்திருந்த மணிகளை உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். உறையின் பின்பக்கம் சுவரில் உரசி மணி உதிர்கிறது, வந்து பாருங்கள் என்றாள். பொய் இல்லை, உண்மையாகவே உதிர்ந்திருந்தது. அத்தை பதறிப் போய்ப் பின்பக்கத்தைத் தூக்கிக் கையை விட்டார்.

விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டே அத்தை எங்கள் இருவரையும் பார்த்தார். அலிமா மெதுவாகக் கதவைத் திறந்து, மிச்சமிருந்த ஐஸில் ஒரு கட்டியை எடுத்து அத்தையின் மற்றொரு கையில் வைத்தாள். ஒரு கையில் சூடு, ஒரு கையில் ஐஸ். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான்தானாட்டி இது மூச்ச அடைச்சேன்? உங்க வாப்பா கப்பலேறப் போறாவளே, என்னாலதானா?"

அலிமா உம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இல்லம்மா. சட்டை நல்லாத்தான் தச்சிருக்கிய. முதுகுல ஒரு சன்னல் வைக்க மறந்துட்டிய, அவ்வளவுதான்."

அத்தை அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னார். ஒரு சொட்டுத் தயக்கம் இல்லை. உறையின் முதுகுத் துணியை மேலிருந்து கீழ்வரை சரக் சரக்கென்று வெட்டி எடுத்துவிட்டார்.

கடைசி பஸ்ஸில் மாமா வந்து சேர்ந்தார். டிக்கெட் இரண்டு நாளில் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அலிமா ஒரு தம்ளர் சர்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா வாயில் வைத்தார். தம்ளருக்குள் ஐஸ் கிணுங்கென்று இடித்தது. மாமா தம்ளரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் தம்ளரைப் பார்த்தார்.

அத்தையே எல்லாவற்றையும் சொன்னார். தன்னால்தான் என்று கூச்சப்படாமல், நடந்தது நடந்தபடி சொல்லி, தானே முதலில் சிரித்தார். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்தச் சீனர் விசிறிக் காட்டினாரே! முதுகுக்குக் காத்து வேணும்னுல்லா சொல்லியிருக்காரு. நான் மண்டைய மண்டைய ஆட்டிக் கைகொடுத்துட்டு வந்துட்டேன்."

மறுநாள் தெருவுக்கே சர்பத். தளவாய் அண்ணாச்சி மூன்று தம்ளர் குடித்தார். குடித்த பிறகும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. வெயில் காலம் சரி, ஆனி பிறந்து சீசன் வந்து, குற்றாலத்தில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவனிடமும் ஐஸ்தான் விற்பீரா என்று கேட்டார். மாமா யோசித்துவிட்டு, சீசனுக்கு அருவிக்கரையில் சுக்குக் காப்பிக் கடை போட்டால் போகிறது என்றார்.

அப்படியேதான் நடந்தது. வெட்டி எடுத்த வெல்வெட்டில் அத்தை இரண்டு புத்தகப் பைகள் தைத்தார், ஒன்று அலிமாவுக்கு, ஒன்று எனக்கு. மழை வந்தால் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டுப் பையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்திலேயே அப்படிப்பட்ட பை வேறு யாரிடமும் இல்லை.

கப்பலுக்கென்று பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் மாமா கடைத் தம்ளர்களை அடுக்கினார். வருஷா வருஷம் சாரல் தொடங்கியதும் அதைப் பஸ் மேல் ஏற்றுவார், நானும் அலிமாவும் உள்ளே சன்னலோரம் உட்கார்ந்துகொள்வோம். பினாங்குக்குப் போகவேண்டிய அந்தப் பெட்டி அதற்குப் பிறகு போன தூரமெல்லாம் குற்றாலம் வரைக்கும்தான்.