மூப்பரின் மூன்று நிமிட ஜெபம்

ஹூபோ துறைமுகத்தில் கடவுளுக்குப் புரிகிற மாதிரி ஜெபம் பண்ணத் தெரிந்த ஆள் ஒருவர்தான் என்றும், அந்த ஒருவர் தாமே என்றும் சபை மூப்பர் மா தேசிக் காலை ஏழு மணிக்கு அறிவித்தார். கடற்பாசி சூப்பில் சோற்றைக் கவிழ்த்துக்கொண்டே அறிவித்தார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

“மூணே நிமிஷம். முதல்ல ஸ்தோத்திரம். அப்புறம் பாவ அறிக்கை, நாடு, சபை, போதகர், நோயாளிங்க, ஆமென். எழுதி வச்சுப் படிக்கணும். நாம உளர்றதையெல்லாம் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கறதுக்குக் கடவுள் என்ன வேலைவெட்டி இல்லாதவரா?”

அவர் மனைவி ஒக்பூன் எதிரே உட்கார்ந்திருந்தாள். முள்ளங்கி ஊறுகாய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டில் அவள் அதிகம் பரிமாறியது மௌனத்தைத்தான். அதை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மூப்பரின் கோட்டு உள்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, வரும் ஞாயிற்றுக்கிழமை சபையார் சார்பாக அவர் படிக்க வேண்டிய ஜெபம். மற்றது, அன்றைக்கே மூப்பர் கூட்டத்தில் வைக்கப்போகிற தீர்மானம். சபையில் அந்நிய பாஷை பேசுகிறவர்கள், அதாவது ஆவி இறங்கிப் புரியாத சொற்களில் ஜெபிக்கிறவர்கள், எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது. பேச்சை விடாவிட்டால் சபையிலேயே இருக்கக் கூடாது. ஐஸ் தொழிற்சாலைக்காரர் குடும்பம் ஒன்று புதிதாகச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை ஜெபத்தில் புரியாத பாஷையில் கண்ணீர் விட்டு ஜெபித்ததால் வந்த வினை.

“ரபபப... ஷகலகல...” என்று மூப்பர் கரண்டியை ஆட்டி நடித்துக் காட்டினார். “சுடச்சுட உருளைக்கிழங்கை வாய்ல போட்டவன் மாதிரி. இதுக்குப் பேரு ஜெபமாம்.”

ஒக்பூனின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி நழுவி விழுந்தது. ஏனென்றால், அந்த உருளைக்கிழங்கு பதினொரு நாளாக அவள் வாயிலும் இருந்தது.

பின்கட்டுக் குழாயடியில் மீன் கழுவும்போது அது முதலில் வந்தது. மகன் ஹேசொங்கை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்து வைத்த மீன் கூட்டுறவுச் சங்க வேலையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நண்டுப் படகில் ஏறிப் போனவன். அன்றிலிருந்து அப்பா அவன் பெயரை உச்சரிப்பதில்லை. நாட்டின் ராணுவ வீரர்களுக்கு இடமிருந்த மூன்று நிமிடத்தில் சொந்தப் பிள்ளைக்கு இடமில்லை. ‘ஆண்டவரே, என் பிள்ளையை...’ என்று தொடங்கினாள். அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வதா? வந்தால் இந்த வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது? கடலிலேயே இருக்கட்டும் என்பதா? எப்படிச் சொல்வாள் ஒரு தாய்? சொற்கள் தீர்ந்துபோயின. நாக்கு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் அறியாத சொற்கள், ஒன்றன் பின் ஒன்றாக, நீர் வடிகிற மாதிரி. மீனைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூப்பருக்காக மட்டும் அவள் பயப்படவில்லை. அவளுடைய அம்மா சாமியாடி.

அந்தக் கரையில் படகு இறங்குமுன் கத்தி பிடித்து ஆடியவள் அவள் அம்மா. வேறு யார் யார் குரலிலோ பேசுவாள். பேச்சு ஏறிவிட்டால் ஐந்து ஆண்கள் பிடித்தாலும் நிற்காது. கடைசிக் காலத்தில் அது அவளைப் பனியில் வெறுங்காலோடு கடலுக்கு நடத்திக்கொண்டு போனது. அம்மாவுக்குப் பிறகு மூத்த மகளைத் தேடி வரும் என்பார்கள். அம்மா வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்துதான் ஒக்பூன் இந்த வீட்டில் கால் வைத்தாள். கல்யாணமான அதே வருஷம் அம்மா செத்த செய்தி வந்த அன்று வீட்டில் பன்னிரண்டு போதகர்களுக்கு விருந்து. ‘மூப்பர் வீட்டு மருமக சாமியாடி சாவுக்கா?’ என்றார்கள். அவள் கடைசிப் போதகர் வரைக்கும் பரிமாறிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

இப்போது ஐம்பத்தாறு வயதில் தனக்கே தெரியாத பேச்சு தன் வாயில். இது யார்? மேலே இருப்பவரா? அம்மாவைக் கொண்டுபோன அதுவா? பேசி முடித்ததும் நெஞ்சில் ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. அதுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது.

கதவுப் பூட்டின் எண்களை யாரோ அழுத்துவது பீப் பீப் என்று கேட்டது. நாத்தனார் பில்நம் உள்ளே வந்தாள். தம்பி வீட்டுப் பூட்டின் எண்ணைத் தன் பிறந்த நாளாக வைக்கச் சொன்னவள். அதனால் தட்ட வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை.

“தம்பி, முதல்ல சாப்பிட்டு முடி. கேட்டா அப்புறம் எதுவும் இறங்காது.”

“என்னக்கா விடிஞ்சதும் விடியாததுமா?”

“உன் வீட்டுல பேய் பேசுது.”

மூப்பர் கரண்டியை வைத்தார்.

“இன்னிக்கு அதிகாலை ஜெபத்துக்கு ஒம்பது பேருதான். பனி கொட்டுதுல்ல. தினம் நூறு பேரு ஒண்ணாச் சேர்ந்து சத்தமா ஜெபம் பண்ணும்போது யாரு என்ன சொல்றான்னு யாருக்குத் தெரியும்? அந்தத் தைரியத்துல இவ ஒளிஞ்சிட்டிருந்திருக்கா. ஒம்பது பேருல ஒளிய முடியுமா? ரெண்டு வரிசை பின்னால இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு.” பில்நம் ஒக்பூன் பக்கம் திரும்பினாள். “ஹேசொங் அம்மா, உங்கம்மா படகுக்கு முன்னால ஆடினதை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். அதே நாக்கு. வந்துடுச்சு உனக்கு.”

பதினொரு நாளாகத் தனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியத்தை இன்னொருத்தி வாயில் கேட்டபோது ஒக்பூன் எழுந்துவிட்டாள்.

“நீயா?” என்றார் மூப்பர்.

“ஆமாங்க.”

“எத்தனை நாளா?”

“பதினொரு நாளா... எனக்கே பயமா இருக்குங்க. அது யாருன்னு எனக்கும் தெரியணும்.”

“யாருன்னு கூடத் தெரியாம வாயைத் திறந்து விட்டுட்டியா? தீர்மானம் எழுதினவன் வீட்டுலயே முதல் ஆளா? ஞாயித்துக்கிழமை நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு எழுந்து நிப்பேன்?”

“பேச்சுன்னா கேக்குறவனுக்குப் புரியணும்ல. புரியாததைப் பேசினா அதுக்கு என்ன பேரு?” என்றாள் பில்நம்.

ஒக்பூன் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “மதினி, இவரு முப்பது வருஷம் மீன் ஏலம் போட்டாரு. பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். அந்த வேகத்துல ஒரு சொல்லுகூட எனக்குப் புரிஞ்சதில்ல. வாங்குறவனுக்குப் புரிஞ்சாப் போதும்னு இவருதான் சொல்லுவாரு.”

மூப்பருக்குக் காது சிவந்தது. “என் ஏலமும் இந்த உளறலும் ஒண்ணா?”

“தெரியலைங்க. கேட்டேன், அவ்வளவுதான்.”

“உன் தம்பி வீட்டுக்குப் போ. ஞாயித்துக்கிழமை கழியட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு பையில் இரண்டு மாற்றுத் துணியும் வேதாகமமும் எடுத்து வைத்தாள். குளிர்பெட்டியில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினாள். அவள் இல்லாவிட்டால் அவருக்கு முட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. காலணியில் ஒரு காலை நுழைத்தபோது மூப்பரின் கைபேசி அடித்தது.

படகு முதலாளி. ஹேசொங் போன படகு காலை நாலு மணியிலிருந்து பதில் சொல்லவில்லை. வெளியே ஆறு மீட்டர் அலை. ஹெலிகாப்டர் எழும்ப முடியாது.

பில்நம் மெதுவாக ஒக்பூனைப் பார்த்தாள். “பதினொரு நாளா அதைக் கூப்பிட்டியே... வந்துடுச்சு பாரு, புயல்.”

கூட்டுறவுச் சங்கத்து மாடியில் ஒரு எண்ணெய் அடுப்பைச் சுற்றி ஏழு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. காகிதக் கோப்பைகளில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. ஜன்னல் வழியே கடல் தெரியும். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் ஒரு செய்தியும் இல்லை.

“மூப்பரய்யா, ஒரு ஜெபம் பண்ணுங்க,” என்றாள் படகோட்டியின் மனைவி சொல்மி. வயிற்றில் ஏழு மாதம்.

தேசிக் எழுந்து, தொண்டையைச் செருமி, காகிதத்தை எடுத்தார். ஸ்தோத்திரம் ஆயிற்று. பாவ அறிக்கை ஆயிற்று. நாட்டுக்காகவும், தேர்வு எழுதும் மாணவர்களுக்காகவும் படித்தார். போதகரின் முழங்கால் வலிக்காகப் படித்தார். எதிரே ஏழு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் ஆண்களின் பெயருக்காகக் காத்திருந்தார்கள். காகிதத்தில் பெயர் எதுவும் இல்லை. அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, “என்... என்...” என்றார். நாலு மாதமாகச் சொல்லாத பெயர் வரவில்லை. காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று நிமிடத்துக்குள் முடித்திருந்தார். ஆமென் சொல்லவில்லை.

சொல்மி ஒக்பூனின் கையைப் பிடித்தாள். “அத்தை, நீங்களாச்சும் பண்ணுங்க. எனக்கு வாயே வரல.”

எதிரே பில்நம். வாயைத் திறந்தால் எது வரும் என்று ஒக்பூனுக்குத் தெரியும். பேய் என்பார்கள், படகை விழுங்கியவள் என்பார்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் விரல்கள் விடுவதாக இல்லை.

கண்ணை மூடினாள். “ஆண்டவரே, அந்த ஏழு பேரை...” அதற்கு மேல் சொல் இல்லை. வந்தது. மெல்ல, தாழ்ந்த குரலில், அவள் அறியாத அந்தப் பேச்சு. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ‘இது அம்மாவைக் கொண்டுபோனதா இல்லையா, இப்போதே தெரிந்துவிடட்டும்’ என்று நினைத்தாள். பேச்சின் நடுவில், முழு வேகத்தில், வாயை மூடினாள்.

நின்றது.

நின்று காத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வா என்று கூப்பிடும்வரை நிற்கிற விருந்தாளி மாதிரி. இழுக்கவில்லை, உலுக்கவில்லை, யார் பெயரையும் சொல்லி எதையும் கேட்கவில்லை. சொல்மியின் கை தன் கைக்குள் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடுப்பின் எண்ணெய் வாசனை தெரிந்தது. அம்மாவுக்கு அந்த நேரங்களில் பெற்ற மகளையே தெரியாது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு அவளாகவே மீண்டும் வாயைத் திறந்தாள்.

முடித்தபோது அறையில் யாரும் எழுந்து போயிருக்கவில்லை. பில்நம்தான் முதலில் பேசினாள். “நடுவுல நிறுத்தினியே.”

“ஆமா மதினி.”

“உங்கம்மாவால நிறுத்த முடியாது.”

“முடியாது மதினி.”

“என்னதான் சொன்னே?”

“தெரியாது. என்ன கேக்கணும்னே எனக்குத் தெரியல மதினி... தெரிஞ்சவரு எனக்காகக் கேட்டுக்கறாரு. நான் வாயை மட்டும் குடுக்கறேன்.”

பில்நம் தன் கையிலிருந்த காப்பியைப் பார்த்தாள். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அதை ஒக்பூன் முன்னால் நகர்த்தி வைத்தாள். “குடி. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல,” என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் நாத்தனார் கையால் வந்த முதல் காப்பி. சர்க்கரை அதிகம்.

இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஒக்பூன் கணவனைத் தேடிக் கீழே இறங்கினாள்.

ஏலக்கூடத்தில் அன்று ஏலம் இல்லை. ஈரத் தரை, அடுக்கி வைத்த பெட்டிகள், காற்றில் அடித்துக்கொள்ளும் தகரம். தூரத்துக் கோடியில், முப்பது வருஷம் நின்ற அதே இடத்தில், தேசிக் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. அவர் குரல் வந்தது. வேகமாக, புரியாமல், ஒன்றன் மேல் ஒன்றாக.

‘அட கடவுளே, மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சு ஏலம் போடுறாரே’ என்று பதறி, பெட்டிகளுக்கு நடுவே ஓடினாள். கிட்டே வந்ததும் நின்றாள். ஏலத்தின் சொல் அவளுக்குப் புரியாது. ஆனால் அதன் தாளம் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை. இதில் விலை ஏறவில்லை. விரல்கள் எதையும் காட்டவில்லை, தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தன. அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரே ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. அது திரும்பத் திரும்ப வந்தது. ஹேசொங்.

அவள் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண்.

‘அம்மா, உல்லுங் தீவுல ஒதுங்கிட்டோம். ஏழு பேரும் நல்லா இருக்கோம். வானொலிக் கம்பி பனில உடைஞ்சிடுச்சு. சூடா நூடுல்ஸ் சாப்பிட்டோம். அப்பா கேட்டா சொல்லுங்க, கேக்கலைன்னா பரவாயில்ல.’

மேலே மாடியிலிருந்து பெண்களின் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வெடித்தன. அவர்களுக்கும் செய்தி வந்திருக்க வேண்டும். ஒக்பூன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கணவனின் தோளைத் தொட்டு உட்கார வைத்து, கைபேசியை அவர் முழங்கால் மேல் வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார். மூக்கு ஒழுகியது. கைக்குட்டைக்காகக் கோட்டுக்குள் துழாவி, அகப்பட்ட காகிதத்தால் துடைத்தார். அது தீர்மானம். பிரித்துப் பார்த்து, மறுபக்கத்தாலும் துடைத்தார்.

“நீ எப்ப வந்தே?” என்றார், அவளைப் பார்க்காமல்.

“இப்பதாங்க.”

“ஏதாவது கேட்டுச்சா?”

“காத்து பலமா இருக்குங்க. ஒண்ணும் கேக்கல.”

அவர் தலையசைத்தார்.

“புத்தாண்டுக்கு ஹேசொங்கையும் கூட்டிக்கிட்டு உங்கம்மா சமாதிக்குப் போயிட்டு வருவோம்,” என்றார். “புல்லு நிறைய மண்டியிருக்கும். யாரும் வெட்டியிருக்க மாட்டாங்க.”

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குளியலறைக் குழாயின் துணையில்லாமல் அந்த அழுகையை அழ முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. கோட்டுப் பையில் ஸ்தோத்திரத்தோடு தொடங்கும் அந்த ஜெபக் காகிதம் இன்னும் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. ஒரு கையால் மனைவியின் முதுகை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சுடச்சுட உருளைக்கிழங்கை வாயில் போட்டவர் மாதிரி மெதுவாக முணுமுணுக்கத் தொடங்கினார்.