சொந்தத் தோல்

விரல் நுனியில் ஒரு முடி முளைத்திருந்தது. கையுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தாள். எங்கிருந்தோ வந்து ஒட்டியிருக்கும் என்று ஊதினாள், போகவில்லை. இழுத்தாள், சுள்ளென்று வலித்தது. ரேகை ஓடுகிற இடத்தில் யாருக்காவது முடி முளைக்குமா?

அவள் ஆய்வுக்கூடத்தில் தோல் வளர்ப்பவள். நோயாளியின் செல்லைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, தட்டில் விட்டு, நாள் தவறாமல் தீனித் திரவத்தை மாற்றி, மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தால் தோல் வரும், அந்தத் தோலில் முடியும் வரும். அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. தன் செல்லைத் தானே தொடக்கூடாது. அடுத்தவர் செல் தப்பித்தவறி உள்ளே போனால் உடம்பு அடித்து விரட்டிவிடும். சொந்தச் செல்லை விரட்டாது, வீட்டு ஆள் என்று உட்காரவைத்துக்கொள்ளும்.

எட்டாவது தட்டில் இருந்தது அவளுடைய செல். அதன் பெயர்ச்சீட்டை உரித்து வேறொருவர் சீட்டை ஒட்டி, அதைத் தன் அலமாரிக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஏழு வயதில் அக்கா கை தவறிக் கவிழ்த்த வெந்நீரில் இடப்பக்கத் தலை வெந்து முடியே முளைக்காமல் போய், பள்ளி முடியும்வரை 'பாதிநிலா' என்ற பெயரோடு நடந்தவள் தன் முடியை இன்னொருத்தர் பொறுப்பில் விடுவாளா? நாளை மறுநாள் அந்தத் தோலை அவள் தலையில் ஒட்டும் அறுவை. அதற்குள் சீட்டைப் பழையபடி மாற்றிவிடலாம்.

மூன்று மாதத்துக்கு முன், எட்டாவது தட்டின் தோலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தி கையுறையைத் தாண்டிக் குத்தியது. ஒரே ஒரு சொட்டு ரத்தம். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விரலில் முடியைப் பார்த்த அன்று மதியம் கூடத்தின் தலைவி பக்கத்தில் வந்து நின்றார். முடியை மறைக்க விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"ஏதாவது குத்தியிருந்தா சொல்லிடும்மா. திட்ட மாட்டேன். தட்டைத்தான் கொட்ட வேண்டியிருக்கும்."

"காகிதம் கிழிச்சது மேடம்."

அவர் போன பிறகு தட்டைத் திறந்தாள். இளஞ்சிவப்புத் திரவத்தின் இனிப்பும் புளிப்புமான வாடை முகத்தில் அடித்தது. உள்ளே அறுபது எழுபது முடிகள், எல்லாம் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தன. பயம் வரத்தான் செய்தது. ஆனால் பயந்து இதை விட்டால் ஆயுசுக்கும் பாதிநிலாதான். "என் தோல்தானே, என்னை என்ன செஞ்சிடும்" என்று சொல்லி மூடினாள்.

வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயின் சொட்டுச் சத்தத்தையும் அடுக்களையில் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு வாய் கொப்பளித்தபோது, அதே இனிப்பும் புளிப்புமான வாடை அவள் மூச்சிலிருந்தே வந்தது. தொண்டையில் அரித்தது. இருமினாள். நாக்கில் ஏதோ புரண்டது. இரண்டு விரலை விட்டுப் பிடித்து இழுத்தாள். முடி, முழ நீளத்துக்கு வந்தது. அதற்குமேல் வரவில்லை. இழுத்தபோது நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது.

அக்கா கதவைத் தட்டினாள். இருமல் சத்தம் சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

"வர மாட்டேன்."

"ஏண்டி?"

"போனா எல்லாத்தையும் கொட்டிடுவாங்க."

கண்ணாடி முன் வாயைத் திறந்தாள். கன்னத்தின் உட்புறம் கறுத்திருந்தது. அண்ணமும். அடர்த்தியாக. ஈரமாக. கண்ணுக்கு முன்னாலேயே வளர்ந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஊரார் பார்வைக்குத் தலை குனிந்தவள். இதற்குமா குனிய வேண்டும்?

அறுவை முடிந்து வாருவதற்கென்று அக்கா ஆசையாக வாங்கி வைத்திருந்த புதுச் சீப்பு அலமாரித் தட்டில் இருந்தது. எடுத்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அக்கா நின்றாள். தினமும் காலையில் வலப்பக்க முடியை இழுத்து வாரி அந்தத் தழும்பை மூடிவிடுகிறவள். இவள் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"போகாதே. மூட வேண்டாம் இனிமே." குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "வாரி விடு."

சீப்பை அக்கா கையில் திணித்தாள். நிமிர்ந்து நின்றாள். வாயை அகலமாகத் திறந்தாள்.

சீப்பு கிட்டே வந்தது. உள்ளே இருந்த முடி முழுவதும் சிலிர்த்து எழுந்து, அதன் பக்கமாகச் சாய்ந்தது.