கீழே வைத்த படையல்

கல்யாணமாகி ஈஜிபுராவில் வந்து இறங்கிய அன்று, ஆரத்தி எடுக்கும் முன்பே அண்ணாந்து பார்த்து அசந்துபோனாள் வித்யாலட்சுமி. ஆளைவிட உயரமான கான்கிரீட் தூண்கள், அவற்றின் மேல் வீடு. கீழே கார் நிறுத்தலாம், மழைக்காலத்தில் துணி காயப்போடலாம். பின்னால் ஓடும் ராஜகாலுவே என்ற பெரிய சாக்கடைக் கால்வாய் பொங்கித் தெருவே குளமானாலும், மேலே ஒரு சொட்டு ஏறாது.

அந்தத் தெரு அவளை ஒரு வாரம்கூடப் பெருமைப்பட விடவில்லை.

"படி எவ்ளோ அகலம் பாத்தியா? சிலிண்டர் தூக்கினு ஏற சுலபமா இருக்கணும்னு தாரணிதான் சொல்லுவா," என்றாள் பக்கத்து வீட்டு மமதா. ஸ்விட்சுகளை உயரத்தில் வைத்தது தாரணியின் யோசனை. அடுப்படி ஜன்னலும் அவள் யோசனைதானாம்.

தாரணி, வித்யாவின் புருஷன் தினேஷின் முதல் சம்சாரம். பழைய தாழ்வான வீட்டில் ஒவ்வொரு மழைக்கும் பாத்திரம் பண்டத்தைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டு, "தூண் போட்டு மேல கட்டலாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள். ஆகட்டும் பார்க்கலாம் என்று தினேஷ் காலம் தள்ளினான். ஒரு மழைநாளில் சமையலறையில் தேங்கிய தண்ணீரில் கரண்ட் பாய்ந்து அவள் போய்ச் சேர்ந்தாள். அப்புறம்தான் இவனுக்குப் புத்தி வந்து, அவள் சொன்னபடியே வீட்டைக் கட்டினான்.

செத்தவளோடு போட்டி போடுகிற கொடுமையை யாரிடம் சொல்வது? அவள் குழம்பில் இனி உப்பு கூடப் போவதில்லை, அவளுக்கு வயசும் ஏறப் போவதில்லை. தினேஷ் தூக்கத்தில் பெருமூச்சு விட்டால்கூட, அவளை நினைத்தோ என்று வித்யாவுக்கு வயிறு எரிந்தது.

ஆடி மாதம், பூவாடைக்காரிக்குப் படையல் போட ஆஸ்டின் டவுனிலிருந்து மாமியார் ரத்தினம்மாள் வந்தாள். சுமங்கலியாகச் செத்தவளைத் தண்ணீர்ச் செம்பில் பேர் சொல்லி அழைத்து, நடுவீட்டில் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். ஆறு குளத்துக்கு எங்கே போவது? கீழே சம்ப்புத் தொட்டியில் தண்ணீர் மொண்டு அழைத்தாயிற்று. செம்போடு படியில் கால் வைத்தவளை வித்யா மறித்தாள்.

"மேல வேணாம் அத்தை. இங்கயே தூணாண்ட வச்சிடுங்க."

"கூப்ட்டுட்டு வெளிய நிறுத்தக் கூடாதும்மா. அவ ஆசப்பட்டு கேட்ட வீடு."

"இப்ப இது என் வீடு."

ரத்தினம்மாள் தூணடியில் அரக்குச் சேலையை விரித்துப் படைத்துவிட்டு, சாப்பிடாமலே ஆட்டோ ஏறிப் போனாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெருவுக்கு வந்து, தூண்களுக்கு நடுவே புகுந்தது. மற்ற வீடுகளில் கூச்சலும் பக்கெட் சத்தமும். மேலே நின்று காப்பி குடித்த வித்யாவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கரண்ட் போனது.

தரைக்கு அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

அடுப்படிக்குப் போனாள். அடுப்படித் தரைக்கு அடியில் தட்டல். படுக்கையறைக்குப் போனாள். அங்கேயும் வந்தது. கீழே நின்று கை நீட்டினால் எட்டுகிற உயரமா அது?

சாக்கடை நாற்றம். அதோடு மல்லிகை வாசனை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். படையல் சேலை மிதந்து வந்து கடைசிப் படியில் ஒட்டியிருந்தது. உள்ளே போய் டார்ச் எடுத்து வந்தாள்.

சேலை நடுப்படியில் கிடந்தது.

அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. பயந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் அவளுக்கு ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"உன்ன மேல விட்டாத்தானே!"

தடதடவென்று இறங்கிச் சேலையை வாரிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, ராஜகாலுவே பக்கமாக வீசி எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தண்ணீருக்குள் காலில் சுரீரென்றது. உடனே மறுபடி இருட்டு.

வலி இல்லை. தண்ணீரின் குளிர்ச்சிகூடத் தெரியவில்லை.

மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஏறப் பார்த்தாள். முதல் படியில் அவள் கால் பதியவில்லை.

தினேஷ் காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரில் நடந்து வந்தான். "என்னங்க!" என்று கத்தினாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். கொசு கடித்த மாதிரி அவன் கையைத் தேய்த்துக்கொண்டான். இருட்டில் மிதந்து வந்து காலில் இடித்த எதையோ ஒதுக்கித் தள்ளிவிட்டுப் படியேறினான்.

கதவு திறந்தது. மூடியது.

வித்யாவின் தலைக்கு மேலே காலடிகள். இரண்டு பேருடையவை.

"சாப்ட்டியா?" என்று அவன் கேட்பது காதில் விழுந்தது. தினமும் வந்ததும் அவளிடம் கேட்பதுதான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"உங்களுக்காகத்தான் உக்காந்துனு இருக்கேன்," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

வித்யாவின் குரலிலேயே.