ஜெபமாலை நேரத்து ஸ்விட்ச்

சாந்தோம் பக்கம் அந்தச் சந்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்போது படுத்தது என்று ரிப்பேர் பார்க்கும் டெரிக்குக்குத் தெரியும். யார் வீட்டுக்காரர் எப்போது ஒரேயடியாகப் படுத்தார் என்று சந்துக்கே தெரியும். காஸ்பர் விஷயத்தில் இரண்டும் ஒரே வாரம்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சாயங்காலம் டெரிக் அந்த வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது காஸ்பரின் மனைவி பியாட்ரிஸ். பள்ளியில் அவனுக்குக் கணக்கு எடுத்தவர், ஆகையால் இன்றும் 'மிஸ்'தான். காபி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் நேரே உள் அறைக்குக் கூட்டிப்போனார். ஈரச் சுவரின் வாடை. அதற்குமேல் காஸ்பர் தொண்டையில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாடை. மனுஷன் போய் மாதங்கள் ஆகியும் தைலம் மட்டும் இப்போதுதான் தடவியதுபோல மணந்தது. மிஸ்ஸுக்கு மூட்டுவலியாக இருக்கும் என்று டெரிக் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான்.

கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடியே காலத்தை ஓட்டியவர் காஸ்பர். தன் குரலையெல்லாம் இந்த ஒரே கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார். வேறெங்கும் பிரதி கிடையாது. சொந்தத் தம்பியையே நம்பாதவர், பென் டிரைவையா நம்புவார்?

"பாட்டுகூட வேணாம்டா," என்றார் மிஸ். "அவர் பேசினது ஏதாச்சும் ஒண்ணு கிடைச்சாப் போதும்."

சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுக் கிடந்தன. காரணம் கேட்டதும் மிஸ் கூச்சப்படாமல் சொன்னார். ஏழு மணி ஆனால் வீட்டில் ஜெபமாலை. அப்போது எந்த மெஷினும் ஓடக் கூடாது என்பது காஸ்பர் போட்ட சட்டம். முறையாக ஷட் டவுன் செய்ய அவருக்குப் பொறுமை ஏது? சுவர் ஸ்விட்சை டப்பென்று தட்டிவிட்டு முழங்காலிடப் போய்விடுவார். தினமும் கழுத்தை நெரித்தால் எது பிழைக்கும் என்று டெரிக் மனசுக்குள் திட்டினான்.

கெட்ட ஃபைல்களைத் தேடிச் சரிசெய்யும் கட்டளையைத் தட்டிவிட்டான். திரையில் சதவீதம் ஊர்ந்து ஏறியது. ஹாலில் மிஸ் மெழுகுவர்த்தி ஏற்றும் சத்தம்.

"மிஸ், இன்னிக்கு மட்டும் ஸ்விட்சைத் தொட்டுடாதீங்க. பாதியில நின்னா அவ்ளோதான்."

"நான் என்னிக்குடா தொட்டேன்?"

டப்.

திரை இருண்டது. தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை. அந்த ஒரு ஸ்விட்ச் மட்டும் ஆஃபில் நின்றது.

மிஸ் ஹாலில் முழங்காலில் இருந்தார். ஜெபமாலை இரண்டு பேர் வேலை. ஒருவர் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியை முடிப்பார். தனியாக இருப்பவர்கள் இரண்டையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். மிஸ் அப்படிச் செய்யவில்லை. முதல் பாதியைச் சொல்லி, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு அடுத்த மணியை உருட்டினார்.

டெரிக்குக்கு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு மௌனத்திலும் மெழுகுவர்த்திச் சுடர் மட்டும், யாரோ மூச்சுவிட்டதுபோலச் சாய்ந்தது.

கண்ணால் பார்த்தும் நம்ம ஆள் ஸ்விட்ச் லூஸ் என்றான். கம்ப்யூட்டர் பெட்டியைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகிறேன், நாளைக்கு அவர் குரலோடு வருகிறேன் என்று பெரிய பேச்சு வேறு. மிஸ் வாசல்வரை வந்தார்.

"எடுத்துட்டா போற?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மேற்கு மாம்பலத்தில் தான் குடியிருந்த மாடி போர்ஷனில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். காஸ்பரின் பதிவுகள் வரிசையாகத் தெரிந்தன. தேய்ந்த டிஸ்க், பிரதி எடுப்பது நகரவே மாட்டேன் என்றது. மதியம் போனது. வெளிச்சம் போனது.

தைல வாடை வந்தது.

டப்.

டிஸ்க் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. எழுந்து ஸ்விட்சைப் போட்டான். விரல் எடுப்பதற்குள் அணைந்தது. மறுபடி போட்டான். அணைந்தது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பயத்தில் டெரிக்கின் வாய், ஞானஸ்நானம் வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் மறக்காத அந்த முதல் பாதியை உளறிவிட்டது.

அடித்தொண்டையில் பின்பாதி வந்தது. நிதானமாக. ஆமென் வரைக்கும்.

போன் அடித்தது. மிஸ்.

"இன்னிக்கு அவர் பதில் சொல்லலடா," என்றார். குரல் நடுங்கவில்லை, அதுதான் மோசம். "அங்கயா இருக்கார்?"

டிஸ்க் பிறகு எதற்கும் மசியவில்லை. பெட்டியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துப் பார்த்தான். சாந்தோமில் சுடர் அசையவில்லை. கடைசியில் மிஸ்ஸே ஆட்டோ பிடித்து மாம்பலம் வந்தார். ஸ்விட்ச் அணைந்ததும் டெரிக் பக்கத்தில் முழங்காலிட்டு, முதல் பாதியைச் சொல்லிக் காத்திருந்தார்.

எதுவும் வரவில்லை.

டெரிக் முதல் பாதியைச் சொன்னான். பதில் வந்தது. மிஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"என்னடா சொல்றாரு?"

"ஆமென் சொல்றாரு மிஸ்."

இப்போது மிஸ் இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொள்கிறார். சந்தில் எல்லாருக்கும் கேட்கிறது. டெரிக் கம்ப்யூட்டர் தொழிலையே விட்டுக் கொட்டிவாக்கத்துக்குக் குடிபோனான். வீட்டில் ஒரு விளக்கு, ஒரு ஃபேன், அவ்வளவுதான். சாயங்காலமானால் தானே இரண்டையும் முன்கூட்டி அணைத்துவிட்டு, இருட்டில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்காருகிறானாம்.

அணைத்து வைத்த ஸ்விட்ச், ஏழு மணிக்கு மறுபடி ஒருமுறை டப்பென்கிறது.

பிறகு, அவன் தொடங்கட்டும் என்று, ஒரு செருமல்.