நாற்பத்தொன்றாவது ஆள்

வந்தவர் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடப் போவதுபோல அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"சர்வேயர் சார் நீங்கதானே?"

"நான்தான். இன்சூரன்ஸ்ல நஷ்டம் எப்படி வந்துச்சுன்னு துப்பு துலக்குற வேலையை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, பேர் மட்டும் என்னை விட மாட்டேங்குது. சொல்லுங்கம்மா."

அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் திசுப் பரிசோதனைக்கூடத்தில் பதிவாளர். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டு மருந்துநீர் நிரம்பிய சீசாவில் அவரிடம் வரும். விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினால் அது ஓர் எண் கொடுக்கும். பிரின்டரிலிருந்து இரண்டு ஸ்டிக்கர்கள் வரும். எண் மட்டும் உள்ளது சீசாவுக்கு; எண்ணோடு பெயர், வயது, தொலைபேசி எண், நேரம் எல்லாம் உள்ளது நோயாளியின் கைச்சீட்டுக்கு. பதினெட்டு வருஷமாக இதே வேலை.

"மூணு வாரத்துக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை. செவ்வாய்னா எங்களுக்குக் கழுத்துக் கட்டி நாள், வர்றது எல்லாம் அதுதான். ஒரு பள்ளி வேன் டிரைவர் வந்தார். எண் 4417. புற்றுநோய்னு ரிப்போர்ட் போச்சு. ஆபரேஷன் பண்ணித் தைராய்டு சுரப்பியையே எடுத்துட்டாங்க. எடுத்ததை வெட்டிப் பாத்தா..." அவர் நோட்டைத் தடவினார். "நோயே இல்ல. சுத்தமா இருக்கு."

"ஸ்டிக்கர் மாறிப்போச்சு, அவ்வளவுதான்!" என்றான் ஓரமாக உட்கார்ந்திருந்த மைத்துனன். சர்வேயருடைய மனைவியின் தம்பி அவன். கம்ப்யூட்டர் கடை வைத்து, அதை மூடி, இப்போது அத்தானின் மூளையில் பாதி தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருப்பவன்.

"மேனேஜ்மெண்டும் அதையேதான் சொல்லுது தம்பி. நான்தான் மாத்தி ஒட்டிட்டேனாம். நாளன்னைக்கு விசாரணை. ஆனா மாத்தி ஒட்டியிருந்தா அந்த நோய் இன்னொருத்தரோடது இல்லையா? அன்னைக்குப் பதிவான நாப்பது பேரோட ஸ்லைடையும் மறுபடி எடுத்துப் பாத்துட்டாங்க. வேற எதுலயும் தப்பில்ல. அப்போ அந்தத் துண்டு யாரோடது?" அவர் குரல் இறங்கியது. "என் வேலை போனா போகட்டும் சார். தனக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கிட்டு ஒரு ஆள் எங்கேயோ நடமாடிக்கிட்டிருக்கு. அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு அதோடு இணைத்திருந்த அறுவை மருத்துவரின் குறிப்பைப் படித்தார்.

"டாக்டர் அனுப்பினது ஒரு துண்டு. ரிப்போர்ட்ல, 'பெறப்பட்டவை இரண்டு துண்டுகள்'னு இருக்கே?"

"சீசாக்குள்ள உடைஞ்சிருக்கும்னு சொன்னாங்க."

"சொல்லியிருப்பாங்க. உங்க நோட்டைப் பாக்கலாமா?"

அது குறைகளின் நோட்டு. வேலையில் எது சரியாக நடக்கவில்லையோ அதையெல்லாம் மணி போட்டு எழுதி வைத்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமையில் நான்கே வரிகள்: *10.45. திரை ஒரு நிமிடம் நின்று வந்தது. பிறகு திரையிலுள்ள கடிகாரம் சுவர்க் கடிகாரத்தைவிட 14 நிமிடம் பின்னால். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தேன். அதன் பொறுப்பாளர் 10.55க்கு வந்து சரிசெய்தார்.*

"சாதாரணமா கூப்பிட்டா அவர் எப்போ வருவார்?"

"நல்லா கேட்டீங்க! மௌஸ் உடைஞ்சதுக்குப் பத்தொன்பது நாள். முந்தின பக்கத்துல இருக்கு பாருங்க."

"கடிகாரத்துக்கு மட்டும் பத்து நிமிஷம்," என்றார் சர்வேயர். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மேலாளர் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். சர்வர் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பீரோவின் கால்வாசி உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"இது ஒண்ணுதானா? பதிவு, மருந்தகம், எக்ஸ்ரே படம், வருகைப் பதிவு, எல்லாத்துக்கும்?" என்று கேட்டார் சர்வேயர்.

மைத்துனனுக்கு இதற்குத்தான் உயிர். "அத்தான், முன்னெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெஷின். இப்போ ஒரே பெட்டிக்குள்ள அஞ்சு ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும். ஒண்ணு புதுசு, ஒண்ணு அரதப் பழசு. ஒவ்வொண்ணும் இந்தப் பெட்டியே தன்னோடதுன்னு நினைச்சுக்கும். பக்கத்துல இன்னொண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

"உங்க அக்காவும் நானும் குடும்பம் நடத்துற மாதிரி."

"அதவிட ஒத்துமையா ஓடும். இன்னொரு வசதியும் இருக்கு. ஏதாவது ஒண்ணுல கை வைக்கிறதுக்கு முன்னாடி அதை அப்படியே படம் பிடிச்சு வச்சுக்கலாம், ஸ்னாப்ஷாட்னு. வேலை சொதப்பிட்டா அந்தப் படத்துக்கே திருப்பிவிட்டுடலாம். மத்த நாலும் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

சர்வேயர் சட்டென்று திரும்பினார். "திருப்பிவிட்டா அதோட கடிகாரம்?"

"படம் எடுத்த நேரத்தைத்தான் காட்டும். யாராவது சரிபண்ற வரைக்கும்..." மைத்துனனின் வாய் திறந்தபடியே நின்றது.

அடுத்தது சதைத்துண்டைச் சீவிக் கண்ணாடியில் ஸ்லைடு போடும் அறை. அங்கிருந்தவர் வேலை ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும் மனிதர். கேள்வி கேட்டாலே குற்றம் சாட்டுவதாக எடுத்துக்கொள்பவர்.

"ஒரே நம்பர்ல ரெண்டு சீசா வர்றது புதுசா என்ன? ஒரே ஆளுக்கு மூணு துண்டுகூட எடுப்பாங்க. அன்னைக்கு 4417 காலையில ஒண்ணு வந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு வந்துச்சு. சேத்துப் போட்டேன். அதுல என்ன தப்பு?"

"இதை ஏன் நீங்க சொல்லல?"

"யாரு கேட்டா?"

மூன்றேகால் மணிக்குப் பதிவு மேஜையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். பதிவாளர், ஸ்லைடுக்காரர், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர். முப்பது வயதுக்குள் இருக்கும். அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பத்தரையிலேர்ந்து பத்தே முக்கால் வரைக்கும் என்ன வேலை பாத்தீங்க?" என்று சர்வேயர் அவரைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். நடந்த வேலையெல்லாம் தானா பதியுற லாக் இருக்கு, பாருங்க. அந்த நேரத்துல பதிவு சிஸ்டத்துல எந்த வேலையும் நடக்கல. சுத்தமா இருக்கு."

"சுத்தமாத்தான் இருக்கும். கழுவினது நீங்க. பத்து முப்பத்தொண்ணுக்குப் படம் பிடிச்சீங்க. ஏதோ அப்டேட் போட்டீங்க, அது படுத்துடுச்சு. பத்து நாப்பத்தஞ்சுக்குத் திருப்பிவிட்டீங்க. அந்தப் பதினாலு நிமிஷம் அந்த சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் நடக்கவே இல்ல. கடிகாரம் மட்டும் காட்டிக்குடுத்துச்சு. அதான் ஓடி வந்தீங்க."

"எல்லாம் ஊகம் சார்."

"ஊகம்தான். அந்தப் பதினாலு நிமிஷத்துல இந்த அம்மா ஒருத்தரைப் பதிஞ்சிருந்தா? 4417னு ஸ்டிக்கர் வந்துச்சு, சீசா உள்ளே போயிடுச்சு. அப்புறம் சிஸ்டம் பின்னால போகுது. கடைசி நம்பர் 4416தான்னு நினைச்சுக்கிட்டு, அடுத்து வந்த டிரைவருக்கும் அதே 4417ஐக் குடுக்குது. முதல்ல வந்தவர் பேர் எந்தப் பட்டியல்லயும் இல்ல."

"டீ நேரம் சார் அது!" பொறுப்பாளரின் குரல் உடைந்தது. "பத்தரை மணிக்குக் கவுண்டர்ல யாருமே இருக்க மாட்டாங்க. அதனாலதான் அந்த நேரத்தை..." நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தாமதமாகிவிட்டது.

பதிவாளர் மெல்லச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை நான் டீக்கு எழுந்திருக்கிறதே இல்ல தம்பி. கூட்டம் இருக்கும்."

"பகல்ல கை வைக்கக் கூடாதுன்னு ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தாங்க அக்கா. இன்னொரு தடவைன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. ஆனா உங்க மேல பழி வந்தப்போ..."

"என் மேல வந்தது கிடக்கட்டும். அவங்க பேர் என்ன? அதச் சொல்லு."

"தெரியாதுக்கா. திருப்பினதும் எல்லாம் போயிடுச்சு. எங்கேயும் இல்ல."

பதிவாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நாற்பது முகங்கள், மூன்று வாரம்.

"எங்கேயும்னா, அந்தப் பெட்டிக்குள்ள," என்றார் சர்வேயர். "பெட்டிக்கு வெளியே இருக்கிறது பின்னால போகாது இல்லையா? அம்மா, இந்த ஸ்டிக்கர் பிரின்டருக்குக் கறுப்பு நாடா எப்போ மாத்தினீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும். பெரிய சுருள்."

சர்வேயர் பிரின்டரின் மூடியைத் திறந்தார். ஓடி முடிந்த நாடா மறுபக்க உருளையில் தடியாகச் சுற்றியிருந்தது. நுனியைப் பிடித்து ஜன்னலருகே கொண்டுபோய் விரித்தார். ஸ்டிக்கரில் எழுத்து பதிந்த இடத்திலெல்லாம் நாடாவில் மை போய், வெளிச்சம் எழுத்தாகவே தெரிந்தது. எண், பெயர், தேதி, மணி.

"அடேங்கப்பா!" என்றான் மைத்துனன். அடுத்த கால் மணி நேரம் அவன் நாடாவை இழுக்க, ஸ்லைடுக்காரர் தரையில் மண்டியிட்டு அதைச் சிக்காமல் மடித்துக்கொண்டே வந்தார். யாரும் அவரை உதவிக்குக் கூப்பிடவில்லை. நாட்கள் பின்னோக்கி ஓடின. செவ்வாய்க்கிழமை வந்தது. 4418. அதற்கு முன் 4417, டிரைவரின் பெயர், 10.58.

அதற்கும் முன் இன்னொரு 4417. ஒரு பெண்ணின் பெயர். வயது முப்பத்து நாலு. மணி 10.36. கீழே ஒரு தொலைபேசி எண்.

பொறுப்பாளர் சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதிவாளர் எண்ணை நோட்டில் எழுதி, நாடாவோடு ஒருமுறை சரிபார்த்து, பிறகு போனை எடுத்தார். மறுமுனையில் ஒரு தையல் மெஷின் ஓடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரியா? ரெண்டு தடவை வந்து ரிப்போர்ட் குடுக்கிற இடத்துல கேட்டேங்க. சீட்டு நம்பரைப் போட்டா யாரோ டிரைவர் பேர் வருதாம். உங்க பேரே கம்ப்யூட்டர்ல இல்ல, போங்கன்னுட்டாங்க. பேரே இல்லன்னா நோயும் இல்லன்னு நானும் விட்டுட்டேன்." சிரிப்பு கேட்டது. "கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடுங்கம்மா. நானே வாசல்ல நிக்கிறேன். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

தையல் மெஷின் நின்றது.

"அவர் எதுக்குங்க?"

பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"துணைக்கும்மா," என்றார்.

பதிவாளர் போனை வைக்கவில்லை.