ஒரே சங்கிலி

அத்தான் இறந்த பிறகு அந்த ஜிம்முக்கு நான் போனது அவருடைய ஷூவை எடுத்துவர மட்டும்தான். லாக்கரில் கிடக்கிறது, யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் போன் செய்திருந்தார். "நீதானே அவரோட போவே, நீயே போயிட்டு வா" என்றாள் அக்கா.

ஜிம் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பகலிலும் அங்கே இருட்டுதான். ஆள் இல்லாத நேரத்தில் மாஸ்டர் முன்பக்க விளக்கை மட்டும் போட்டுவைப்பார். ரப்பர் பாயும் துருவும் யாரோ மறந்துவிட்டுப் போன ஈரத்துண்டும் கலந்த வாசனை.

"லாக்கர் தெறந்துதான் இருக்கு, எடுத்துக்கப்பா. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று மாஸ்டர் படியேறிப் போனார்.

உள்ளே, வெளிச்சம் முடிகிற இடத்தில், எங்கள் வண்டி நின்றது.

மாஸ்டர் முன்பு வெல்டிங் வேலை பார்த்தவர். இரண்டு உடற்பயிற்சி சைக்கிள்களை முன்னும் பின்னுமாகப் பற்றவைத்து, ஒரே சங்கிலியில் கோத்து, ஒரே மீட்டரை மாட்டியிருந்தார். ஒருவர் மிதித்தாலும் இரண்டு பேர் பெடலும் சுற்றும். இருவர் காலிலிருந்தும் வருகிற சக்தி மொத்தம் எத்தனை வாட் என்று திரையில் தெரியும். அதில் யாருடையது எவ்வளவு என்று தெரியாது.

அந்தத் தெரியாததில்தான் நான் குடித்தனம் நடத்தினேன்.

தனியாக மிதித்துப் பார்த்த முதல் நாள் எனக்கு வந்தது நாற்பது வாட். ஒரு ட்யூப்லைட். அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். விஞ்ஞானம் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டது. அதன்பிறகு அத்தானைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, முன்சீட்டில் நான் ஊர்வலம் போனேன். காலைப் பெடலில் வைத்தால் போதும், சங்கிலி பார்த்துக்கொள்ளும். முகத்தை மட்டும் நானே சுளித்துக்கொள்வேன். திரையில் நூற்றைம்பது ஓடும்.

"மாப்ள, நாம ரெண்டு பேரும் சேர்ந்தா வீட்டு மிக்ஸியவே ஓட்டிரலாம் போலருக்கே" என்பார் பின்னாலிருந்து.

"ஆமா அத்தான், விடாதீங்க" என்பேன்.

ஒரு சாயங்காலம் ஜிம்மிலிருந்து வீடு திரும்பியவர், சட்டையைக் கழற்றுவதற்குள் சாய்ந்துவிட்டார். இதயத்தில் ஏற்கெனவே அடைப்பு இருந்தது என்றார் டாக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்.

லாக்கரிலிருந்து ஷூவோடு திரும்பியவன், என்ன தோன்றியதோ, அதைக் கீழே வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினேன். இன்றைக்காவது மிதித்துவிடலாம் என்று. நாற்பது வாட் அஞ்சலி.

முதல் சுற்று கனத்தது. இரண்டாவது சுற்றில் கனம் போய்விட்டது.

திரையில் நூற்றைம்பது.

மீட்டர் பழுது என்று நினைத்தேன். என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன எதுவும் இதுவரை பழுதாகத்தான் இருந்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினேன்.

கால்கள் நிற்கவில்லை.

பெடல் என் பாதங்களைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. பின்சீட்டின் ஸ்பிரிங் முனகியது. அத்தான் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை வந்தது. அப்புறம், என் பிடரிக்குப் பக்கத்தில், சூடாக, மூச்சு.

திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"அத்தான்... இறங்குங்க அத்தான். நான் மிதிக்கிறேன். சத்தியமா மிதிக்கிறேன்."

மிதித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் வியர்வை இறங்க, பிறந்ததிலிருந்து மிதிக்காததையெல்லாம் சேர்த்து மிதித்தேன். நூற்றெழுபது. நூற்றுத்தொண்ணூறு. நான் கூட்டக் கூட்டப் பின்னாலும் கூடியது. நான் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. உதவிக்கு வருகிறார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சங்கிலி சட்டென்று நின்றது.

மாஸ்டர் திரையில் அப்படியே நின்றிருந்த எண்ணை எட்டிப் பார்த்தார். "ஒத்த ஆளா நூத்தித் தொண்ணூறா? தேறிட்டியேப்பா."

அவர் கை பின்சீட்டைத் தட்டப்போய், பாதியில் நின்று, தானாகவே திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த வண்டியில நான் மிதிக்கவே இல்ல. ஒரு நாளும் மிதிக்கல. எல்லாத்தையும் அவரே..."

"தெரியும்டா."

"எப்படி?"

"அவரே சொன்னாரு. 'உன் தம்பி சும்மாதான் உக்காந்திருக்கான். பாவம், இருந்துட்டுப் போகட்டும், எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு'ன்னு." மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அவள் நாலு அறை விட்டிருந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குக் களைப்பு வருவதே இல்லை. ஓடிப்பார்த்தேன். மூட்டை தூக்கிப்பார்த்தேன். எப்படியாவது அவரை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. ஒருநாளாவது முழுப்பாரமும் என்மேல் இறங்கினால், இனித் தன் உதவி வேண்டாம் என்று அவர் போய்விடுவார் அல்லவா. இறங்கவில்லை. "விடுங்க அத்தான்" என்று தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறேன். பார்ப்பவர்கள் காதில் போன் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நேற்று அக்கா வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிப்போனேன். லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி. அக்கா சாவியோடு முன்னால் ஏறினாள், நான் தோளில் சிலிண்டரோடு பின்னால். தோளில் பஞ்சு மூட்டை இருப்பதுபோல்தான் இருந்தது. என் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"ஏன்க்கா, கால் வலிக்குதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி, எனக்கு இரண்டு படி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நில்லுடா" என்றாள் மெதுவாக. "அவருக்கு ரொம்ப மூச்சு வாங்குது."